கூண்டுக்குப் பக்கத்தில் மெதுவாகப் பேசவும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி மரியாதையுடன் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, மகள் ஆகிய மூவரும் சௌக்கியம். அத்தானின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும், நீயும் பல் டாக்டரிடம் ஒரு வழியாகப் போய் வந்திருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுத்தான் நீ போன வாரம் எழுதியிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது என்பதால் தாள் அதிகம் பிடித்துவிட்டது. மன்னிக்கவும்.

‘கிளி உங்களோடு ஒட்டவில்லை என்றால் சிரமப்படாதே, எங்கள் தெரு முனையில் இருக்கும் பாட்டு வாத்தியாரம்மா ஆசையாகக் கேட்கிறார், வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடு’ என்று எழுதியிருக்கிறாய். ஏதோ அளவு சரியில்லாத சட்டையைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிற மாதிரி. மூன்று மாதத்துக்கு முன்னால் நீ அதை அனுப்பியபோதும் இப்படித்தான். கூண்டின் மேல் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. பக்கத்துத் தையல்காரர் ஊரை விட்டுப் போகிறார், கிளியை நம்மிடம் விட்டுவிட்டார், நல்ல கிளி, கொஞ்சம் கூச்ச சுபாவம், நீ ரிட்டையர் ஆகிச் சும்மாதானே இருக்கிறாய், பார்த்துக்கொள். அவ்வளவுதான். அக்கா, கூச்சம் என்று நீ எழுதியது மிகவும் குறைத்துச் சொன்னது. சும்மா இருக்கிறேன் என்று எழுதியது மிகவும் கூட்டிச் சொன்னது. நான் காலையில் இரண்டு பேப்பர் படிக்கிறேன், தண்ணீர்த் தொட்டியை மேற்பார்வை பார்க்கிறேன், வீட்டில் யார் எந்த வேலையைத் தப்பாகச் செய்தாலும் உடனுக்குடன் எடுத்துச் சொல்கிறேன். இதற்கே பொழுது போதவில்லை.

என் குரலைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நூற்பாலையில் முப்பத்து நான்கு வருஷம் சூப்பர்வைசர் வேலை. ஷெட்டில் அத்தனை இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிற ஆளிடம் மணி என்ன என்று கேட்பதற்கே கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். தூரத்தில் நிற்கிற ஆளுக்குக் கையை ஆட்டித்தான் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே கையைச் சுழற்றினால் நிறுத்து என்று அர்த்தம், இரண்டு கையையும் விரித்து ஆட்டினால் ஓடி வா என்று அர்த்தம். ரிட்டையர் ஆன அன்று அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அலமாரிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். குரலையும் கையையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவற்றை நான் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கிளி வந்த அன்று வேன்காரர் கூண்டை வாசலில் இறக்கிவிட்டுப் போனதும், நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய், எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று கூடத்துக்கு நட்ட நடுவில் ஸ்டூல் போட்டு வைத்தேன். ஆலையில் புது ஆள் சேர்ந்தால் முதல் நாளே நான் போய் நாலு வார்த்தை பேசி வரவேற்பது வழக்கம், இங்கேயும் அந்த முறைப்படி கூண்டுக்கு ஒரு அடி தூரத்தில் முகத்தை வைத்து, இரண்டு கையையும் விரித்து, வாங்க, வாங்க என்று சொன்னேன். கிளி குச்சியிலிருந்து கீழே விழுந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து கிளி விழும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. விழுந்ததைத் தூக்கி உட்கார வைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு கூண்டுக்குள் கையை விட்டேன், அது என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையைப் பிடித்துக்கொண்டது, நான் கத்தினேன், கத்தியதில் அது கூண்டுக்குள் நாலு பக்கமும் முட்டியது, தானியக் கிண்ணம் கவிழ்ந்தது, ஸ்டூல் ஆடியது, கூண்டைப் பிடிக்கப் போய் உன் தம்பி பெண்டாட்டி ஜன்னல் திரையைப் பிடித்துத் தொங்கினாள், திரை கம்பியோடு வந்துவிட்டது. மகள் மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தாள். எனக்குத்தான் என்று நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கிளிக்கு ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள், கூடத்தில் ஆள் நடமாட்டம் அதிகம், அதனால்தான் மிரள்கிறது என்று கண்டுபிடித்து, கூண்டைச் சமையலறைக்கு மாற்றினேன். குக்கர் விசில் அடித்தது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை. அன்று சாயங்காலமே, பறவைதானே, வானத்தைப் பார்த்தால் மனம் தெளியும் என்று ஜன்னல் ஓரத்தில் கொண்டு போய் வைத்தேன். அடுத்த வீட்டுப் பூனைக்கும் அதே எண்ணம் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், அக்கா, கிளி கூண்டின் பின்பக்கக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, இறகெல்லாம் உடம்போடு அழுத்திப் பாதி கனமாகி, ஒரு பச்சை மிளகாய் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. வைத்த தானியம் வைத்தபடி இருந்தது. தண்ணீரும் குடிக்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று நான் கேட்டேன். கிளியைத்தான் கேட்டேன். ஆனால் மகள் அவள் தட்டில் இருந்ததை அவசரமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். நாய், பூனை, பறவை எல்லாவற்றுக்கும் ஒரே டாக்டர், சின்ன வயதுப் பெண், அதிகம் பேசாதவர். வரவேற்பில் இருந்த உதவியாளர் என்ன பிராணி என்று கேட்டார், நான் கிளி என்று பதில் சொன்னேன், காத்திருந்த அத்தனை நாய்களும் ஒரே நேரத்தில் எழுந்து குரைத்தன. டாக்டர் கிளியைத் துண்டில் சுற்றி எடுத்து, கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், நெஞ்சைத் தடவிப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, பயம்தான் என்றார். இன்னும் ஒரு நாள் இப்படியே சாப்பிடாமல் இருந்தால் பிழைக்காது என்றும் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டேன். அவர் போய்க் கை கழுவினார். பிறகு துடைத்துக்கொண்டே கேட்டார்.

“வீட்ல யாராவது சத்தமா பேசுவாங்களா?”

நான் உன் தம்பி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தேன், அவள் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தாள். அப்படி யாரும் இல்லை என்று டாக்டருக்குக் காதில் விழும்படி சொன்னேன். வெளியே நாய்கள் மறுபடியும் எழுந்துகொண்டன.

டாக்டர் எழுதிக் கொடுத்ததில் மாத்திரை ஒன்றும் இல்லை. கூண்டை ஆள் அதிகம் புழங்காத அறையில், இரண்டு சுவர் சேரும் மூலையில், மார்பு உயரத்துக்கு வைக்க வேண்டும். பின்பக்கமும் ஒரு பக்கமும் துணியால் மூட வேண்டும், ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் வெளியே வரத் தைரியம் வரும். முதல் ஒரு வாரம் தானியமும் தண்ணீரும் மாற்றுவதைத் தவிர யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. அதன் பிறகு தினமும் ஒரே நேரத்தில் ஒரு ஆள் போய் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் உட்கார்ந்து கண்ணை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். கையை ஆட்டக் கூடாது. குரல் உயரவே கூடாது, உயர்ந்தால் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒரு ஆள் யார் என்று கேட்டார். உன் தம்பி பெண்டாட்டி தானே இருப்பதாக வாயெடுத்தாள். டாக்டர் என்னைக் காட்டி, இவர் இருக்கட்டும், இவரிடம் பழகிவிட்டால் யாரிடமும் பழகிவிடும் என்றார். இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆலையில் பாதுகாப்பு விதிகள் எழுதி மாட்டுகிற மாதிரி ஒரு அட்டையில் பதினோரு விதிகளைச் சிவப்பு மையால் எழுதிக் கூண்டுக்கு எதிரே ஒட்டினேன். முதல் விதி, கூண்டுக்குப் பக்கத்தில் மெதுவாகப் பேசவும். கிளி அட்டையைப் பார்த்து மிரண்டு மறுபடியும் மிளகாய் ஆனது. சிவப்பு ஆகாது போலிருக்கிறது. நீல மையால் எழுதிக் கதவுக்கு வெளியே ஒட்டினேன். அன்று மதியம் இரண்டு மணிக்கு, நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது மெதுவாக இறங்கி வந்து நாலு தானியம் கொத்தியது. நாலுதான், எண்ணினேன். எண்ணிவிட்டுக் கூடத்துக்குப் போய் ரொம்ப நேரம் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். மகள் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து என் அரை மணி நேர டியூட்டி தொடங்கியது. அக்கா, அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று ரிட்டையர் ஆன எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கை தன்னால் ஆடும், அதனால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கிளிக்கு என் குரல் பழக வேண்டும் என்பதற்காகப் பேப்பரை வாய்விட்டுப் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். குரலை இறக்கி, நீட்டி, குழந்தையைத் தூங்க வைக்கிற ராகத்தில் படிக்க வேண்டும். வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போனது, மந்திரி பதவி விலகியது, நகைக் கடையில் சுவரைத் துளைத்தது எல்லாவற்றையும் அந்த ராகத்திலேயே படித்தேன். சில நாளில் உன் தம்பி பெண்டாட்டி பீன்ஸ் நறுக்குகிற பலகையோடு வந்து கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். கிளியைப் பார்க்கவா என்று கேட்டேன். இல்லை, செய்தி கேட்க என்றாள். இத்தனை வருஷமாக நான் தினமும் வாய்விட்டுத்தான் செய்தி படிக்கிறேன், அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள். பக்கத்து வீட்டுத் தச்சர் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நான் கையின் மேல் உட்கார்ந்துகொண்டு, மூலையைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடி மூடித் திறந்து, வெங்காய விலையைத் தாலாட்டிக்கொண்டிருந்தேன். அவர் மறுநாள் உன் தம்பி பெண்டாட்டியிடம், நல்ல நரம்பு டாக்டர் ஒருவர் தெரியும் என்று சொல்லி முகவரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி எழுதப் போவது கிளியைப் பற்றியது இல்லை, ஆனால் கிளியால் வந்தது. ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, நேராகக் கிளி அறைக்கு வந்தாள். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, நான் ஆலை ஆபீஸ் வேலைய விட்டுட்டேன்.”

அந்த வேலை நான் என் பழைய மானேஜரைப் பார்த்து, இரண்டு முறை நடந்து, வாங்கிக் கொடுத்தது. உனக்குத் தெரியும். எனக்குள் முப்பத்து நான்கு வருஷக் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கு வந்துவிட்டது. கிளி கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது. இறகு ஒடுங்கத் தொடங்கியது. ஐந்து வார உழைப்பு, அக்கா. நான் அதை அப்படியே விழுங்கினேன். கஷாயம் விழுங்குகிற மாதிரி இருந்தது. எப்போதிலிருந்து என்று தாலாட்டு ராகத்திலேயே கேட்டேன்.

“நாப்பது நாள் ஆச்சு.”

“நாப்பது நாளா டப்பா கட்டிக்கிட்டு எங்க போற?”

“கண்ணாடிக் கடைக்கு. லென்ஸ் தீட்டி ஃபிரேம்ல பொருத்துற வேலை. எனக்கு அது புடிச்சிருக்குப்பா.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுந்து நிற்பேன், கையை ஆட்டுவேன், அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், இரண்டு நாள் யாரும் பேச மாட்டோம். கை என் தொடைக்கு அடியில் இருந்தது. எழுந்தால் கிளி மிரளும். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், கண்ணாடி அறுக்கும்போது கை வெட்டாதா என்று கேட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். ஒரு லென்ஸைத் தீட்டும்போது விளிம்பு எப்படிச் சூடாகும், தண்ணீர் எப்படி விட வேண்டும், ஒரு முதியவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று எதிர்க் கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தது, அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்தது, எல்லாம். அரை மணி முடிந்து முக்கால் மணி ஆனது. அவள் எழுந்து போன பிறகுதான் நான் கோபமாக இருக்க வேண்டியவன் என்பது ஞாபகம் வந்தது. அதற்குள் கிளி சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

இது ஒரு கெட்ட முன்மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு இந்த வீட்டில் எந்த விவகாரமாக இருந்தாலும் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துதான் சொல்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ரேடியோ திருட்டுப் போனது உனக்கு நினைவிருக்கும், போலீஸில் எழுதிக் கொடுத்தேன், பால்காரரைச் சந்தேகப்பட்டு ஆளை மாற்றினேன். உன் தம்பி பெண்டாட்டி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, அது திருட்டுப் போகவில்லை, காலை ஐந்தரை மணிக்கு அந்தச் சத்தம் தாங்காமல் நான்தான் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன் என்றாள். நான் கண்ணை மெதுவாக மூடித் திறந்தேன். தச்சர் வந்து, என்னிடம் இரவல் வாங்கிய ஏணி உடைந்து ஆறு மாதம் ஆகிறது என்று கிளியிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் உன் தம்பி பெண்டாட்டி வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக முழங்கால் வலி, படி ஏறும்போது உயிர் போகிறது என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு சத்தம் போடுவீங்க.”

நான் சத்தம் போடவில்லை. கிளி இருந்தது. மறுநாள் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை, தைலமும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். நீ எழுதும்போது விசாரித்துவிடு.

கிளி விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது வாரம் ஒரு நாள் அது கண்ணை மூடிக்கொண்டு அலகைக் கரகரவென்று தேய்த்தது. அலகு உடைகிறது என்று பதறி டாக்டருக்குப் போன் செய்தேன், மெதுவான குரலில்தான். நிம்மதியாக இருந்தால்தான் அப்படித் தேய்க்கும் என்றார். ஒன்பதாவது வாரம் கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, உள்ளங்கையில் சூரியகாந்தி விதை ஒன்றை வைத்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. ஆறாம் நாள், கை மரத்துப் போய் அது என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்த நேரத்தில், குச்சியின் நுனி வரை ஒவ்வொரு அடியாக வந்து, கழுத்தை ரப்பர் மாதிரி நீட்டி, விதையை எடுத்தது. எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே கீழே போட்டுவிட்டது. போடட்டும். என் கையிலிருந்து எடுத்ததா இல்லையா. ஆலையில் எனக்கு ஆண்டு விழாவில் இரண்டு முறை சால்வை போர்த்தியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் எனக்கு இப்படி மூக்கு ஒழுகவில்லை.

ஆனால் இதை வைத்துக் கிளி ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நீ முடிவு செய்துவிடக் கூடாது. அது அந்த ஒரு தடவைதான். உன் தம்பி பெண்டாட்டியும் மகளும் இரண்டு பேருமே தங்களிடம் அது கிட்டேயே வருவதில்லை, அறைக்குள் போனாலே ஒடுங்கிக்கொள்கிறது என்று சொல்கிறார்கள். போன வாரம் டாக்டரிடம் கொண்டுபோனோம். முதலில் அவர்கள் இருவரும் மட்டும் கிளியோடு உள்ளே போய்ப் பத்து நிமிஷம் இருந்தார்கள், பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் அடிமனதில் பயம் அப்படியே இருக்கிறது, குறைந்தது இன்னும் ஒரு வருஷம் இதே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றார். மெதுவான குரல் அந்த அறையில் மட்டும் போதாது, வீடு முழுவதும் வேண்டும். சாப்பிடும்போது உப்புக் குறைந்தாலும் உரக்கச் சொல்லக் கூடாது. மகள் வர அரை மணி தாமதம் ஆனால் வாசலில் போய் நிற்கக் கூடாது. இதெல்லாம் கிளிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியும் என்றார். படித்தவர், நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

ஆகவே அக்கா, பாட்டு வாத்தியாரம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. இந்த நிலைமையில் அதை வேனில் ஏற்றுவது கொலைக்குச் சமம். புது இடம், புது முகம், அதுவும் பாட்டு வகுப்பு. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஸ்வரம் பிடித்தால் நாம் மறுபடியும் பச்சை மிளகாயிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு பயந்த பறவை இது. (இந்த வரியை உன் தம்பி பெண்டாட்டி சேர்க்கச் சொன்னாள்.) அதன் கூச்சத்தை நன்றாக அறிந்தவன், அதன் ஒவ்வொரு இறகுக்கும் அர்த்தம் தெரிந்தவன், இந்த வீட்டில் நான் ஒருவன்தான். சிரமம்தான், இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், உன் பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் தீர்க்காயுசாக, சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மேலே இருப்பதை வீட்டில் இரண்டு பேரும் படித்து, எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்துவிட்டார்கள். இது உனக்கு மட்டும். கிளிக்குப் பயம் என்று ஒன்று இப்போது கிடையாது. ஆறாவது வாரமே, ஒரு நாள் தூறல் போட்டதால் நான் நடைப்பயிற்சியைப் பாதியில் விட்டுத் திரும்பியபோது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் தம்பி பெண்டாட்டியின் தோளில் உட்கார்ந்து அவள் கொண்டை ஊசியை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தது. மகள் விசில் அடித்தாள், அது தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரியே பதில் கொடுத்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. நான் தூறலிலேயே தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, கேட்டை நன்றாக ஆட்டிச் சத்தம் செய்துகொண்டு வந்தேன். உள்ளே போனபோது கிளி கூண்டில் இருந்தது, அவள் தலை மட்டும் கலைந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் கேட்டை ஆட்டிவிட்டு ஒரு நிமிஷம் நின்றுதான் போகிறேன். டாக்டர் சொன்ன ஒரு வருஷக் கணக்கும் எந்தப் பத்து நிமிஷத்தில் தயாரானது என்று எனக்குத் தெரியும். அவர்கள் கடைக்குப் போகிற நேரத்தில் அது என் தோளுக்கும் வருகிறது, சட்டைப் பொத்தான் இரண்டு போய்விட்டது, தானாக அறுந்தது என்று சொல்லியிருக்கிறேன். நீ பதில் எழுதும்போது கிளிக்குப் பயம் கொஞ்சமாவது குறைந்ததா, பாவமாக இருக்கிறதே என்று கவலையோடு நாலு வரி கேட்டு எழுது. உன் கடிதத்தை அவள்தான் முதலில் பிரிப்பாள்.